டியூஷன் மையத்துக்கு எந்த ரவுட்டர்? சிறு நிறுவனத்துக்கு விபிஎன் ரவுட்டர் தேர்வு செய்யும் முறை



"சார், ஒரு நல்ல விபிஎன் ரவுட்டர் பேரு சொல்லுங்க, நேரா லோ யாட் பிளாசா போய் வாங்கிட்டு வந்துர்றேன்." கணினி பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஆனால் பெயரைச் சொல்வதால் மட்டும் வேலை முடியாது. இணைய லைன், வேலை செய்யும் ஆட்கள், காக்க வேண்டிய தகவல் ஆகிய மூன்றும் தெரிந்த பிறகுதான் பெட்டியைப் பற்றிப் பேச முடியும்.

கணக்குப் போட வசதியாக ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம். காஜாங் நகரில் ஒரு டியூஷன் மையம். செமினியில் அதன் கிளை. பாங்கியில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் ஒரு டீச்சர். காஜாங் அலுவலகத்தில் வலைச் சேமிப்பகம் ஒன்று இருக்கிறது. கேள்வித்தாள், கட்டண விவரம், மாணவர் பெயர்ப்பட்டியல் எல்லாம் அதில்தான். மூன்று இடத்திலிருந்தும் அதைத் திறக்க வேண்டும். எஸ்பிஎம் கணினி அறிவியல், எஸ்திபிஎம், பாலிடெக்னிக் மாணவர்கள் இதை ஒரு பயிற்சிக் கணக்காகவே வாசிக்கலாம்.

1. விபிஎன் என்ன செய்கிறது?

விபிஎன் என்பதைத் தமிழில் மெய்நிகர் தனியார் வலையமைப்பு எனலாம். தேர்வுத் தாளை நினைத்துப் பாருங்கள். தாளை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு பேருந்தில் போக மாட்டோம். உறையில் போட்டு, முத்திரை வைத்து, வாங்குபவர் யார் என்று பார்த்து ஒப்படைப்போம். சாலை எல்லாரும் போகும் பொதுச் சாலைதான். உறைக்குள் இருப்பது மட்டும் தனி.

விபிஎன்னும் இதே மூன்று வேலையைத்தான் செய்கிறது.

- உறையிடல்: அலுவலகத் தரவுப் பொட்டலத்தை இன்னொரு பொட்டலத்துக்குள் வைக்கிறது.
- மறையாக்கம்: உள்ளே இருப்பதை வழியில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றுகிறது.
- அடையாளச் சரிபார்ப்பு: எதிர்முனையில் இருப்பது உண்மையிலேயே நம் ஆள்தானா என்று பார்க்கிறது.

மேல் உறையின் முகவரி வெளியே தெரியும். ஆகவே காஜாங்கும் செமினியும் பேசிக்கொள்கின்றன என்பதை இணைய நிறுவனம் அறியும். என்ன பேசுகின்றன என்பதை அறியாது. தேர்வில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதுங்கள். விபிஎன் போட்டால் யாருக்கும் எதுவுமே தெரியாது என்று எழுதினால் தவறு.

இதில் இரண்டு வகை உண்டு. காஜாங் ரவுட்டரும் செமினி ரவுட்டரும் நிரந்தரமாக இணைந்திருப்பது தளத்துக்குத் தளம் இணைப்பு. பாங்கியில் இருக்கும் டீச்சர் தன் மடிக்கணினியிலிருந்து மட்டும் உள்ளே வருவது தொலை அணுகல். யூடியூப் விளம்பரத்தில் மாதச் சந்தாவுக்கு விற்கிறார்களே, அந்த விபிஎன் வேறு. அது உங்களை வேறு நாட்டு முகவரியில் வெளியே அனுப்பும், உங்கள் அலுவலகத்துக்குள் கொண்டு வராது. நிறைய பேர் இங்கதான் குழம்பிப் போறாங்க.

2. ஏன் இந்த வேலை?

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் வீட்டிலிருந்து வேலை என்பது கட்டாயமாயிற்று. அவசரத்துக்குச் சுலபமான வழி, ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்து விடுவது. விண்டோஸ் தொலைமேசைக்கு 3389-ஆம் எண் துறை. அதைத் திறந்து விட்டால் வீட்டிலிருந்து அலுவலகக் கணினி தெரியும். நமக்குத் தெரிவது போல உலகத்தில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

திறந்த துறைகளைத் தேடி இணையம் முழுவதையும் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் துழாவிக்கொண்டே இருக்கின்றன. பலவீனமான கடவுச்சொல் இருந்தால் உள்ளே நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பார்கள். "நம்மகிட்ட என்ன சார் இருக்கு, சின்ன டியூஷன் சென்டர்தானே?" என்று நினைக்க வேண்டாம். அந்த நிரலுக்குப் பெரியவர் சின்னவர் தெரியாது. துறை திறந்திருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும்.

நம்மிடம் இருப்பதும் சின்னதல்ல. மாணவரின் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, பெற்றோர் தொலைபேசி எண், யார் எத்தனை மாதக் கட்டணம் பாக்கி என்ற விவரம். நம்மை நம்பிக் கொடுத்த தகவல் அது.

சட்டமும் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது. வணிகமாக நடத்தப்படும் டியூஷன் மையத்துக்குப் பொருந்தும். 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் அபராத உச்சவரம்பு 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத் தண்டனை உச்சவரம்பு 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: தேவைதானா?

கோப்புகள் எல்லாம் ஏற்கெனவே கூகள் டிரைவ் போன்ற மேகச் சேவையில் இருந்தால், கணக்கும் இணையவழி மென்பொருளிலேயே நடந்தால், விபிஎன் ரவுட்டர் தேவைப்படாமலே போகலாம். இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, யாருக்கு எந்தக் கோப்புறை என்பதை ஒழுங்குபடுத்தினால் போதும். காசு மிச்சம்.

அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் சேமிப்பகம், ஒரே கணினியில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள், கண்காணிப்புக் கேமராப் பதிவுக் கருவி ஆகியவற்றை வெளியிலிருந்து தொட வேண்டும் என்றால்தான் விபிஎன். நம் மாதிரி மையத்தில் சேமிப்பகம் இருக்கிறது. ஆகவே மேலே போவோம்.

4. லைனைப் பாருங்கள்

*முகவரி.* ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகத்துக்கு அது போதவில்லை. ஆகவே சில நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அப்படி இருந்தால் வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரை யாரும் கூப்பிட முடியாது, எத்தனை விலையுயர்ந்த ரவுட்டர் வாங்கினாலும் சரி.

சோதிப்பது எளிது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். "என் ஐபி என்ன" என்று காட்டும் இணையப் பக்கம் ஒன்றையும் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் தெரிந்தால் நீங்கள் பகிர்வு முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பொது முகவரி தர முடியுமா என்று நிறுவனத்தைக் கேளுங்கள்.

இரண்டு முனையிலும் பொது முகவரி வேண்டும் என்பதில்லை. காஜாங்கில் ஒன்று இருந்தால் போதும், செமினி ரவுட்டர்தான் கூப்பிடும். இரண்டு முனையிலும் இல்லையென்றால் டெயில்ஸ்கேல் போன்ற இடைநிலைச் சேவையைப் பயன்படுத்தலாம். முகவரி அவ்வப்போது மாறுகிறது என்றால் இயங்குநிலைப் பெயர்ச்சேவை போதும். அது மாறும் எண்ணுக்கு மாறாத ஒரு பெயரைக் கொடுக்கும்.

*இணைக்கும் முறை.* யூனிஃபை ஃபைபரில் இணையம் விஎல்ஏஎன் 500 என்ற அடையாள எண்ணோடு வருகிறது. புதிய ரவுட்டரின் வெளிப்பக்கத் துறையில் இந்த எண்ணை அமைக்கும் வசதி இல்லையென்றால் இணையமே வராது. மற்ற நிறுவனங்களின் முறை வேறு. வாங்கும் முன் நிறுவனத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

*பதிவேற்ற வேகம்.* விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பதிவிறக்க வேகம். விபிஎன்னுக்கு முக்கியம் அலுவலகத்தின் பதிவேற்ற வேகம். ஏனென்றால் செமினிக்குப் பதிவிறக்கமாக இருப்பது காஜாங்குக்குப் பதிவேற்றம்.

5. கணக்கு: எந்த வேகம் கிடைக்கும்?

காஜாங் லைன் பதிவிறக்கம் 300 எம்பிபிஎஸ், பதிவேற்றம் 50 எம்பிபிஎஸ் என்று கொள்வோம். செமினி டீச்சர் 120 மெகாபைட் கேள்வித்தாள் கோப்பைத் திறக்கிறார்.

120 மெகாபைட் × 8 = 960 மெகாபிட்
960 ÷ 50 = 19.2 வினாடி

சரி, கடைக்குப் போவோம். "பாஸ், இது 1000 எம்பிபிஎஸ் போகும், கவலையே வேணாம்" என்பார்கள். அது வெறும் இணையத்தைக் கடத்தும் வேகம். விபிஎன்னில் ஒவ்வொரு பொட்டலத்தையும் மறையாக்கம் செய்ய வேண்டும். அது செயலிக்குக் கடினமான வேலை. ஆகவே அதே பெட்டியின் விபிஎன் வேகம் மிகக் குறைவாக இருக்கலாம். தரவுத்தாளில் அது தனி வரியாக, ஒவ்வொரு நெறிமுறைக்கும் தனித்தனியாக இருக்கும். அந்த வரி இல்லாத ரவுட்டரை வாங்காதீர்கள்.

விபிஎன் வேகம் 12 எம்பிபிஎஸ் மட்டுமே என்று வையுங்கள்.

960 ÷ 12 = 80 வினாடி

மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கோப்பு திறந்தால் ஒருவருக்கு 4 எம்பிபிஎஸ்தான். 240 வினாடி, அதாவது 4 நிமிடம். "லைன் ஸ்லோவா இருக்கு" என்று சொல்லி மேலும் பெரிய பேக்கேஜ் வாங்குவார்கள். ஆனால் தடை இருப்பது லைனில் இல்லை, பெட்டியில்.

விதி இதுதான்: கிடைக்கும் வேகம் = அலுவலகப் பதிவேற்றம், இரு முனை ரவுட்டர்களின் விபிஎன் வேகம், எதிர்முனைப் பதிவிறக்கம் ஆகியவற்றில் மிகக் குறைந்தது. இப்படிப் பார்த்தால் நம் மையத்துக்கு 50-க்கு மேல் விபிஎன் வேகம் இருந்தால் போதும். லைன் வளரும் என்பதால் 100 எம்பிபிஎஸ் உள்ளதை எடுத்தால் சில ஆண்டுக்கு நிம்மதி. 500-க்குக் காசு கொட்ட வேண்டியதில்லை.

6. எந்த நெறிமுறை?

*பிபிடிபி:* 1999-இல் வெளியான பழைய நெறிமுறை. அதன் கடவுச்சொல் சரிபார்ப்பை ஒரு நாளுக்குள் உடைக்கலாம் என்று 2012-இலேயே செய்து காட்டிவிட்டார்கள். ஆப்பிள் 2016-இல் ஐஓஎஸ் 10-இலிருந்து இதை எடுத்துவிட்டது. பெட்டியில் "விபிஎன் வசதி உண்டு" என்று போட்டு உள்ளே இது மட்டும் இருந்தால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

*எல்2டிபியும் ஐபிசெக்கும்:* இன்னும் பரவலாக உள்ளது. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே பகிர்வுச் சாவி. ஆண்ட்ராய்டு 12 முதல் தொலைபேசியின் உள்ளமைப்பில் இதைப் புதிதாகச் சேர்க்க முடியாது.

*ஐகேஇவி2 ஐபிசெக்:* தளத்துக்குத் தளம் இணைப்புக்கு உறுதியானது. வேறு வேறு நிறுவன ரவுட்டர்களை இணைக்கவும் உதவும். அமைப்பது கொஞ்சம் கடினம்.

*ஓபன்விபிஎன்:* 2001 முதல் இருக்கிறது. நம்பகமானது, எந்த வலையமைப்பிலும் பெரும்பாலும் வேலை செய்யும். சிறிய ரவுட்டர்களில் மெதுவாக ஓடும்.

*வயர்கார்டு:* ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் கரு 5.6-இல் சேர்ந்தது. நிரல் சுமார் 4,000 வரிதான் என்பதால் சோதிப்பது எளிது. சிறிய செயலியிலும் வேகமாக ஓடும்.

வயர்கார்டில் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி இணை. டியூஷன் மையத்துக்கு இது ரொம்ப முக்கியம். பகுதி நேர ஆசிரியர்கள் வருவார்கள், போவார்கள். ஒருவர் வேலையை விட்டால் அவர் சாவியை மட்டும் நீக்கினால் போதும். பகிர்வுச் சாவியாக இருந்தால் எல்லாருடைய கருவியிலும் மாற்ற வேண்டும். யாரும் மாற்ற மாட்டார்கள். போன வருடம் போனவர் இந்த வருடமும் உள்ளே வரலாம்.

7. பிராண்டைவிடப் புதுப்பிப்பு முக்கியம்

2018 மே 23-ஆம் நாள் சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக் குழு விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரலைப் பற்றி அறிவித்தது. குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகள் பாதிக்கப்பட்டிருந்தன. லிங்க்சிஸ், மைக்ரோடிக், நெட்கியர், டிபி-லிங்க் ரவுட்டர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. குறிவைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே வெளியில் தெரிந்த ஓட்டையோ, ஆலையில் வைத்த கடவுச்சொல்லோ இருந்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ, ரவுட்டரை அணைத்துப் போடுமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. அணைத்துப் போட்டால் நினைவகத்தில் மட்டும் இருக்கும் பகுதி அழியும். முதல் கட்ட நிரல் அப்படியும் தங்கிவிடும். முழுதாக நீக்க ஆலை நிலைக்கு மீட்டு, நிலைபொருளைப் புதுப்பிக்க வேண்டும்.

வணிக ரவுட்டருக்கும் விதிவிலக்கு இல்லை. டிரேடெக் நிறுவனத்தின் சில விகோர் ரவுட்டர்களில் ஓர் ஓட்டை இருந்தது. 2019 டிசம்பரிலிருந்தே அதைத் தாக்குவது தெரிய வந்தது. 2020 பிப்ரவரியில் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. திருத்தத்தைப் போட்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்களுக்கு நிறுவனம் என்ன செய்ய முடியும்?

எந்த நிறுவனத்திலும் ஓட்டை வரும். ஆகவே கடையில் கேட்க வேண்டியவை: கடைசி நிலைபொருள் எப்போது வந்தது? இந்த மாடலுக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆதரவு? தானாகப் புதுப்பிக்குமா? மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆதரவு முடிந்த பழைய மாடலை வாங்குவது, பூட்டு உடைந்த வீட்டை வாங்குவது மாதிரி.

இன்னும் இரண்டு குறிப்பு. நம் நாட்டில் "யூனிஃபை" என்றால் டெலிகோம் மலேசியாவின் இணையச் சேவை. யுபிக்விட்டி என்ற அமெரிக்க நிறுவனமும் தன் கருவிகளுக்கு அதே உச்சரிப்பில் பெயர் வைத்திருக்கிறது. "யூனிஃபை ரவுட்டர் கொடுங்க" என்று கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது, மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அடுத்து, வைஃபை கருவியில் எம்சிஎம்சி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கும் பெட்டிகளில் அது இல்லாமல் போகலாம்.

8. வாங்கி வந்த பிறகு

- முகவரித் திட்டம்: காஜாங்கும் செமினியும் இரண்டுமே 192.168.0 என்று இருந்தால் இணைப்பு குழம்பும். பாங்கி டீச்சர் வீட்டிலும் அதே எண்தான் இருக்கும். காஜாங்குக்கு 10.27.1, செமினிக்கு 10.27.2 என மாற்றிக்கொள்ளுங்கள். விபிஎன் இணைந்தும் கோப்பு திறக்கவில்லை என்ற புகார் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.
- பிரித்து வைத்தல்: மாணவர் வைஃபை வேறு, அலுவலகம் வேறு. விருந்தினர் வலையிலிருந்து சேமிப்பகம் தெரியக் கூடாது.
- ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து திறக்கக் கூடாது. ஆலைக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.
- பழைய திறந்த துறைகளை மூடுங்கள். விபிஎன் போட்டுவிட்டு 3389-ஐ மூட மறந்தால், முன்கதவுக்குப் புதுப் பூட்டு, பின்கதவு திறந்தபடி.
- காப்புநகல்: விபிஎன் காப்புநகலுக்கு மாற்று அல்ல. வலையோடு இணைக்காத வன்தட்டு ஒன்றில் வாரம் ஒரு பிரதி எடுங்கள்.
- மாலை மழையும் இடியும் நமக்குப் பழக்கம்தான். மின்னெழுச்சித் தடுப்பானும் சிறிய யுபிஎஸ்ஸும் வைத்தால் ரவுட்டர் பிழைக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால் மறைக்க வேண்டாம். சைபர்செக்கியூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தில் புகார் செய்யலாம்.

9. நம் மையத்துக்கு என்ன முடிவு?

காஜாங்கில் பொது முகவரி, விஎல்ஏஎன் அமைப்பு, 100 எம்பிபிஎஸ் வயர்கார்டு வேகம், விருந்தினர் வலைப் பிரிப்பு, தொடர்ந்து புதுப்பிப்பு தரும் நிறுவனம். செமினியில் அதே நிறுவனத்தின் சிறிய மாடல். பாங்கி டீச்சருக்கு ரவுட்டரே வேண்டாம், மடிக்கணினியில் வயர்கார்டு செயலி போதும். மூன்று இடத்துக்கும் மூன்று பெரிய பெட்டி வாங்கியிருந்தால் அது வீண் செலவு.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பேசுவது கடைக்காரராக இருக்கட்டும், கேள்வி கேட்பது நீங்களாக இருங்கள்.

மீள்பார்வை வினாக்கள்

1. விபிஎன் செய்யும் மூன்று பணிகள் யாவை? இணைய நிறுவனத்துக்குத் தெரிவது எது, தெரியாதது எது?
2. அலுவலகப் பதிவேற்றம் 100 எம்பிபிஎஸ், ரவுட்டர் விபிஎன் வேகம் 40 எம்பிபிஎஸ், கிளையின் பதிவிறக்கம் 30 எம்பிபிஎஸ். 150 மெகாபைட் கோப்புக்கு எத்தனை வினாடி? (விடை: மிகக் குறைந்தது 30; 1200 ÷ 30 = 40 வினாடி.)
3. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.80.12.5 என்று காட்டுகிறது. இதனால் விபிஎன்னுக்கு வரும் சிக்கல் என்ன? இரண்டு தீர்வுகள் கூறுக.
4. ஓர் ஆசிரியர் வேலையை விட்டுச் செல்கிறார். பகிர்வுச் சாவி முறையையும் தனிச் சாவி முறையையும் ஒப்பிட்டு எழுதுக.
5. வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே 192.168.0 முகவரித் தொகுதி இருந்தால் என்ன நடக்கும்? ஏன்?

ஆசிரியர்கள் இரண்டாம் வினாவை எண்களை மாற்றி வகுப்பில் கொடுக்கலாம். மாணவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பார்த்து வரட்டும். அது பொது முகவரியா, பகிர்வு முகவரியா என்று மறுநாள் வகுப்பில் பேசினால் மூன்றாம் வினா தானே விளங்கிவிடும்.